ஹோரஸ் டிம்ஸ் என்ற காற்றுகாட்டி

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். என் மனைவி தலையில் அடித்துச் சொல்லலாம் என்று பார்த்தேன். தன் தலையை இதில் இழுக்க வேண்டாம் என்று அவள் அடுப்படியிலிருந்தே சொல்லிவிட்டாள். ஆகவே பைபிள்மேல் வலது கையை வைத்து, இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதற்கு இதுதான் காரணம். விஷயத்தில் கோணல் கிடையாது.

விக்ஸ்பி மீனவர்கள் காலையில் எழுந்ததும் கடலைப் பார்க்க மாட்டார்கள். தேவாலயக் கோபுரத்தைத்தான் பார்ப்பார்கள். அதன் உச்சியில் ஒரு தகரச் சேவல் இருந்தது. அது மூக்கைத் திருப்பும் திசையில் காற்று. அதை நம்பித்தான் பாய் விரிப்பது. சேவல் திரும்பும்போதெல்லாம் கிறீச்சிட்டது. பிரசங்கத்தின் நடுவே அது கிறீச்சிடுவது மறுத்துப் பேசுவது போல இருக்கிறது என்று பாதிரியார் ரெக்டர் பிம் அதன் அச்சில் ஒரு டப்பா வாத்துக் கொழுப்பைத் தடவ வைத்தார். அடுத்து வந்த புயலில் சேவல் பம்பரமாகச் சுற்றி, தன்னைத் தானே திருகி எடுத்துக்கொண்டு, கிழக்கே பறந்துபோய்விட்டது. ஹாலந்தில் ஒரு பாலாடைக்கட்டிக் கிடங்கின் மேல் அது உட்கார்ந்திருக்கிறது என்றும், எந்தக் காற்று அடித்தாலும் ஊர் ஞாபகத்தில் விக்ஸ்பி பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறது என்றும் அந்தப் பக்கம் மீனுக்குப் போனவர்கள் சொன்னார்கள். அதை நான் நேரில் பார்க்கவில்லை. எனவே அதற்கு மட்டும் நான் பொறுப்பில்லை. மற்றதெல்லாம் கண்ணால் கண்டது.

சேவல் போனதும் ஊர் கண்ணைக் கட்டிக்கொண்டது போல ஆயிற்று. அப்போதுதான் ஹோரஸ் டிம்ஸ் எங்கள் கண்ணில் பட்டான்.

ஹோரஸ் குடை பழுதுபார்ப்பவன். நல்ல மனுஷன். ஆனால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது மட்டும் அவனால் ஆகாது. ஒரு காலில் கறுப்பு ஷூ, இன்னொன்றில் பழுப்பு. தலைமுடியை வலப்பக்கம் வாருவதா இடப்பக்கமா என்று யோசித்து யோசித்தே நடு மண்டை வழுக்கையாகிவிட்டது. தினம் காலையில் வினிஃப்ரெட் குரோமின் ரொட்டிக் கடைக்கு வருவான். 'பை' என்பது மாவுக்குள் கறியை வைத்துச் சுட்ட பண்டம்; பன்றிக்கறிப் பை ஒரு தட்டில், மாட்டுக்கறிப் பை ஒரு தட்டில். இரண்டுக்கும் நடுவே அவன் நின்றால் நின்றதுதான்.

வினிஃப்ரெட் அவனை ஒரு நாளும் அவசரப்படுத்தியதில்லை. "என் பையை இவ்ளோ மரியாதையா பாக்கறது இந்த ஊர்ல அவர் ஒருத்தர்தான்," என்பாள்.

ஹோரஸின் அருமையை முதலில் கண்டுபிடித்தவர் ஆம்புரோஸ் ஃபிட்ச். 'கான்ஸ்டன்ஸ்' என்ற படகின் கேப்டன். அந்தப் படகில் நானும் வலை இழுத்தேன். ஒரு நாள் கடை ஜன்னலுக்கு வெளியே என்னை இழுத்து நிறுத்தினார்.

"அவனப் பாரு."

"எவன?"

"டிம்ஸத்தான். முந்தாநேத்து கை மட்டும் நடுங்குச்சு, தென்றல் மாதிரி அடிச்சுது. நேத்து ஒரு கால்லேர்ந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்னான், மழை வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு."

"இன்னிக்கு பையை வாங்கினான், திருப்பிக் குடுத்தான், மறுபடி வாங்கினான். எழுதி வெச்சுக்கோ, மத்தியானத்துக்குள்ள புயல். படக மேல இழு."

படகை மேலே இழுத்தோம். சாப்பாட்டு வேளையில் அடித்த புயலில் தபால் நிலையத்தின் புகைபோக்கி முழுசாகக் கிளம்பி மதுக்கடைக் கூரையில் உட்கார்ந்தது. மதுக்கடைக்காரர் அதை இன்றுவரை திருப்பிக் கொடுக்கவில்லை.

அன்றிலிருந்து ஹோரஸ்தான் எங்கள் சேவல். தடுமாற்றத்துக்கு ஆங்கிலத்தில் சொற்கள் கொட்டிக் கிடக்கின்றன. வேறு ஊர்களில் அவற்றைக் கலந்துகட்டிப் புழங்குவார்கள். விக்ஸ்பியில் அது நடக்காது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு காற்று. ஹோரஸின் கை மட்டும் ஆடினால் 'வேவர்', இளங்காற்று, பாயை முழுசாக விரிக்கலாம். கால் மாற்றி நின்றால் 'டிதர்', வடகிழக்கு, கூடவே மழை. பையை வாங்கித் திருப்பினால் 'ஷில்லி ஷாலி', யாரும் கடலுக்குப் போகக் கூடாது. கடையை விட்டுப் பாதி வழி போனவன் சட்டென்று வலப்பக்கமாகத் திரும்பி வந்தால் 'வீர்', காற்றும் வலம் சுற்றும், வானம் வெளுக்கும். கடைக்கு அவன் நேராக நடந்து வராமல், எதிர்காற்றில் போகும் படகைப் போலத் தெருவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வெட்டி வெட்டி வந்தால் 'டாக்'. அன்றைக்கு மீன் நிறைய விழும். ஏன் என்று கேட்காதீர்கள், விழும்.

பள்ளி ஆசிரியர் லாதம், "'ஆசிலேட்' என்று ஒன்று உண்டே, 'வேசிலேட்' என்று ஒன்று உண்டே," என்று வந்து நின்றார். படித்தவர் மனம் நோகக் கூடாதே என்று முதலாவதை ஊஞ்சல் போல இருபக்கமும் அடிக்கும் காற்றுக்கும், இரண்டாவதை ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒதுக்கினோம். ஹெர்ரிங் மீனை அரிய வடக்கேயிருந்து வந்த ஸ்காட்லாந்துப் பெண் ஒருத்தி, ஹோரஸை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு, "இவரு ஸ்விதர் பண்றாரு," என்றாள். அவர்கள் ஊரில் தடுமாற்றத்துக்கு அதுதான் சொல்லாம். அந்த மாதிரி ஒரு காற்றை நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை. ஒரு மணி நேரத்தில் மூடுபனி வந்து, ஊரில் பாதிப் பேர் வேறு வீட்டில் போய் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டார்கள்.

ஹோரஸிடம் மட்டும் இதை யாரும் மூச்சுவிடவில்லை. ஒருவனுடைய குணத்தை அவன் முகத்துக்கு நேரே பேசுவது எங்கள் ஊரில் வழிப்பறியைவிடக் கேவலம். எனவே கடைக்குள் அவனுக்குப் பின்னால் ஏதோ பை வாங்க வந்தவர்கள் போல நிற்போம். நாங்கள் நிற்பதைப் பார்த்து மற்றவர்களும் பின்னால் நின்றார்கள். எதற்கு நிற்கிறோம் என்று கேட்பது எங்கள் பழக்கமில்லை. வரிசை என்று ஒன்று இருந்தால் அதன் கடைசியில் போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான் வளர்ப்பு. அப்படியாக வினிஃப்ரெட்டின் கடையில் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போயிற்று.

இந்த நிலையில்தான் ஒரு திங்கட்கிழமை காலை, அத்தனை பேர் வரிசையில் நிற்க, வினிஃப்ரெட் கையிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டு பேசினாள்.

"மிஸ்டர் டிம்ஸ், லீட்ஸ்ல எங்க சித்தி ஒருத்தங்க டீக்கடை வெச்சிருக்காங்க. கூட வந்து இருன்னு கூப்பிடறாங்க. சனிக்கிழமை மத்தியான ரயில்ல போலாம்னு இருக்கேன்."

"ஓ," என்றான் ஹோரஸ்.

"போகாம இங்கேயே இருக்கவும் செய்யலாம். இருக்கறதுக்கு ஒரு காரணம் இருந்தா."

வினிஃப்ரெட் இரண்டு தட்டுகளையும் ஓரமாக நகர்த்தினாள்.

"அந்தக் காரணம் நீங்கதான், மிஸ்டர் டிம்ஸ். என்னக் கல்யாணம் பண்ணிக்கறீங்களா இல்லையா? அவசரமே இல்ல. சனிக்கிழமைக்குள்ள சொன்னாப் போதும்."

விக்ஸ்பியில் இவ்வளவு வெளிப்படையாக ஒருத்தி பேசி நாங்கள் கேட்டதில்லை. வரிசையில் நின்ற எல்லோரும் கூரையைப் பார்த்தோம். ஹோரஸின் முகம் சிவந்தது, வெளுத்தது, மறுபடி சிவந்தது. அவன் அவளை எவ்வளவு விரும்பினான் என்பது ஊருக்கே தெரியும். குடை ரிப்பேர் செய்கிறவன் மழை நாளில் தன் குடையைக் கடை வாசலில் அவளுக்கென்று விட்டுவிட்டு நனைந்துகொண்டே போவான். ஆனால் 'ஆமா' என்று ஒரு தட்டு, 'இல்ல' என்று ஒரு தட்டு. நடுவில் நிறுத்திவிட்டாளே, பாவி.

அன்று சாயங்காலம் மதுக்கடையில் ஆம்புரோஸ் மேஜையைத் தட்டினார்.

"இவன் சரின்னு சொல்லிட்டா என்ன ஆகும்? ஒரு தடவ முடிவு பண்ணிப் பழகினவன் ரெண்டாவது தடவையும் பண்ணுவான். அப்பறம் நமக்கு சேவல் ஏது? ஹெர்ரிங் சீசன் முடியற வரைக்கும் இவன் குழம்பிக்கிட்டே இருந்தாகணும்."

"அந்தப் பொண்ணு ரயில்ல ஏறிப் போயிடுமே, கேப்டன்," என்றேன்.

"போகட்டும். வாழ்க்கை பூரா இவன் 'சொல்லியிருக்கலாமோ, வேண்டாமோ'ன்னு தவிப்பான். நமக்கு ஆயுசுக்கும் காத்து தெரியும்."

அவருடைய மனைவி எட்னா பக்கத்து மேஜையில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள். ஊசியை நிறுத்தாமலேயே, "மீன் கூடவே இருந்து இருந்து உங்க ரத்தமும் ஜில்லுனு ஆயிடுச்சு," என்றாள்.

"நீ பேசாம இரு, எட்னா."

"நான் பேசாம இருந்தா நீங்க இன்னிக்கு எங்க சாப்பிடுவீங்கன்னு பாக்கறேன்."

ஆனாலும் சதி ஆரம்பித்துவிட்டது. ஹோரஸ் எங்கே போனாலும் யாராவது ஒருவர் எதிர்ப்பட்டு உதவி செய்தோம். "கல்யாணம்னா தேவாலயத்துலயா, பதிவு ஆபீஸ்லயா?" என்று ஒருவர். "சாம்பல் சூட்டா, நீல சூட்டா?" என்று ஒருவர். ஆசிரியர் லாதம், தேன்நிலவுக்கு மலையும் உண்டு, ஏரியும் உண்டு என்று நிலப்படத்தையே விரித்துக் காட்டினார். செவ்வாயன்று இரண்டாக இருந்த கேள்வி வெள்ளிக்கிழமைக்குள் மரம் போலக் கிளைவிட்டது. ஹோரஸ் சாப்பிடவில்லை, எதைச் சாப்பிடுவதென்று தெரியவில்லை. தெருவில் அவன் சுற்றிய சுற்றில் நடைபாதைக் கல் தேய்ந்தது.

காற்றும் அந்த வாரம் முழுக்க நிலையில்லாமல் அடித்தது. துவைத்துக் காயப்போட்ட துணிகள் காலையில் ஒரு வீட்டுக்கும் மாலையில் எதிர் வீட்டுக்கும் போய் வந்தன. ரெக்டரின் இரவுச் சட்டை புதன்கிழமை முழுவதும் எட்னாவின் கொடியில் தொங்கியது. அதை யாரும் பார்க்காதது போல நடந்துகொண்டோம். கடற்பறவைகள் வால் முன்னே போகப் பறந்தன.

சனிக்கிழமை காலை ஹோரஸின் கை லேசாக ஆடியது. 'வேவர்', பயமில்லை என்று கணக்குப் போட்டு, ஆம்புரோஸ் தன் மகன்கள் இருவரையும் 'கான்ஸ்டன்ஸ்' படகில் கடலுக்கு அனுப்பினார். எனக்கு அன்று முதுகு வலி. கல்யாண விவகாரத்தை வேடிக்கை பார்க்க இருந்துவிட்டேன் என்று சிலர் சொல்வது பொய்.

மத்தியானம் வினிஃப்ரெட் கடையைப் பூட்டிக்கொண்டு பெட்டியோடு ரயில் நிலையம் போனாள். பின்னாலேயே ஹோரஸ். சாம்பல் கோட்டு, நீலக் கால்சட்டை. தெருவை வெட்டி வெட்டிக் கடந்து எப்படியோ நிலையத்து வாசலுக்கு வந்துவிட்டான். அங்கே ஒரே ஆள் நுழையக்கூடிய சின்ன மரக்கதவு. ஒரு காலை உள்ளே வைத்தான். ஒரு கால் வெளியே. அப்படியே நின்றுவிட்டான்.

அவனுக்குப் பின்னால் பயணிகள் வந்து நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் வழியனுப்ப வந்தவர்கள். அவர்களைப் பார்த்து, ஒன்றுமே வேலையில்லாதவர்கள். தேநீர் குடிக்கப் போயிருந்த நிலைய அதிகாரி திரும்பி வந்து வரிசையைப் பார்த்தார். கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைசியில் போய் நின்றார். அவர் உள்ளே போய்க் கொடி காட்டாமல் ரயில் கிளம்ப முடியாது. அவரை முன்னால் விட யாருக்கும் தோன்றவில்லை. முன்னால் விடச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

பிளாட்பாரத்தில் வினிஃப்ரெட் பெட்டியின் மேல் உட்கார்ந்து ஹோரஸைப் பார்த்தாள். ஹோரஸ் அவளைப் பார்த்தான். உள்ளே இருந்த காலைத் தூக்கினான். வெளியே இருந்த காலைத் தூக்கினான்.

அப்போதுதான் காற்று கெட்டது. கை ஆட்டம், கால் மாற்றம், ஊஞ்சல், வலச் சுற்று என்று எங்கள் சொற்கள் அத்தனையும் ஒரே ஆளின் உடம்பில் ஒரே சமயத்தில் நடந்தன. தொப்பிகள் மேலே போய், ஆளுக்கு ஆள் மாறி, அளவு பார்த்து இறங்கின. எஞ்சினின் புகை புகைபோக்கிக்குள்ளேயே திரும்பிப் போய் ஓட்டுநரின் காது வழியாக வந்தது. துறைமுகத்துக்கு வெளியே 'கான்ஸ்டன்ஸ்' பம்பரம் போலச் சுற்றுவது நிலையத்து மேட்டிலிருந்து நன்றாகத் தெரிந்தது.

ஆம்புரோஸ் ஓடி வந்தார். வரிசையில் எனக்குப் பின்னால் வந்து நின்றார். மூச்சு வாங்கியது.

"நாம தப்பாப் புரிஞ்சுக்கிட்டோம்டா. காத்த பாத்து டிம்ஸ் ஆடல. டிம்ஸ பாத்து காத்து ஆடுது!"

ஹோரஸின் முழங்கால் இடப்பக்கம் மடங்கியது; மரங்கள் எல்லாம் இடப்பக்கம் சாய்ந்தன. வலப்பக்கம் மடங்கியது, மரங்கள் வலப்பக்கம். சந்தேகத்துக்கு இடமே இல்லை.

"என் ரெண்டு பசங்களும் கடல்ல இருக்கானுங்க. அவன சரின்னு சொல்லச் சொல்லுங்கப்பா!"

"நீங்களே போய்ச் சொல்லுங்களேன், கேப்டன்."

"எப்படிப் போறது? முன்னால இத்தன பேரு நிக்கறீங்க."

எனக்கு முன்னால் நின்ற அம்மாள் திரும்பி, "நானும் ரொம்ப நேரமா நிக்கறேன் மிஸ்டர் ஃபிட்ச்," என்றாள். அதில் நியாயம் இருந்தது.

எனவே செய்தியை வரிசை வழியாக அனுப்பினோம். 'உடனே முடிவு பண்ணு, இல்லன்னா பசங்க செத்துருவானுங்க' என்றுதான் ஆம்புரோஸ் சொன்னார். ஆனால் ஒவ்வொருவரும் அடுத்தவர் மனம் புண்படாதபடி கொஞ்சம் மெருகேற்றினார்கள். ஹோரஸின் காதுக்குப் போனபோது அது, "சிரமம் இல்லன்னா, உங்களுக்கு வசதிப்படற சமயத்துல, கேப்டன் உங்க அபிப்பிராயத்தத் தெரிஞ்சுக்க ஆசைப்படறாராம். அப்படி ஒண்ணும் கட்டாயம் இல்லயாம்," என்று ஆகியிருந்தது.

"யோசிக்கறேன்னு சொல்லுங்க, இல்லன்னா யோசிக்கலன்னு சொல்லுங்க," என்றான் ஹோரஸ். கூரையிலிருந்து நாலு ஓடு பறந்தது.

அப்போது எட்னா வந்தாள். அவளும் வரிசையை மீறவில்லை. பிறந்த ஊர் இதுதானே. ஆனால் அவளுக்குக் குரல் இருந்தது. வரிசையின் கடைசியில் நின்றபடியே, காற்றுக்கு மேலே கேட்கும்படி கத்தினாள்.

"வின்னி! அந்த மனுஷன்கிட்ட கேள்வி கேக்கறத நிறுத்துடீ!"

வினிஃப்ரெட் எழுந்தாள். பிளாட்பாரத்தில் இருந்தவள் அவள் ஒருத்திதான்; அந்தப் பக்கம் வரிசை கிடையாது. நேராக மரக்கதவுக்கு வந்தாள். காற்று அவள் கூந்தலை நான்கு திசைக்கும் ஒரே நேரத்தில் பிரித்து நிறுத்தியிருந்தது.

"ஹோரஸ்," என்றாள். மிஸ்டர் டிம்ஸ் இல்லை. "பெட்டி கனமா இருக்கு."

ஹோரஸ் அவளைப் பார்த்தான். காத்திருந்தான். அதற்கு மேல் அவள் எதுவும் சொல்லவில்லை. 'தூக்கறீங்களா' என்றோ 'போகட்டுமா' என்றோ கேட்கவில்லை. இரண்டாவது தட்டு வரவே இல்லை.

அவன் வெளியே இருந்த காலை எடுத்து உள்ளே வைத்தான். பெட்டியைத் தூக்கினான். திரும்பினான். வரிசையில் நின்ற எங்கள் எல்லோரையும், நாங்கள் வழிவிட வழிவிட, மன்னிப்புக் கேட்டபடி கடந்து, ஒரு வெட்டுக் கூட வெட்டாமல் நூல் பிடித்தாற்போல நேராகத் தெருவில் நடந்தான். வினிஃப்ரெட் கூடவே போனாள். ரொட்டிக் கடை வாசலில் பெட்டியை இறக்கினான்.

"இது இங்கேயே இருக்கட்டும்," என்றான்.

அவன் வாழ்க்கையில் 'அல்லது' இல்லாமல் முடிந்த முதல் வாக்கியம் அது. வினிஃப்ரெட் சாவியை எடுக்கக் குனிந்தாள். குனிந்தவள் நிமிர ரொம்ப நேரம் ஆயிற்று. முகத்தைத் துடைத்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன், நாங்கள் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த நொடியில் காற்று நின்றது. குறையவில்லை, அடங்கவில்லை, நின்றது. நடுவானத்தில் இருந்த தொப்பி ஒன்று அப்படியே செங்குத்தாக விழுந்தது. கடலில் 'கான்ஸ்டன்ஸ்' சுற்றுவதை நிறுத்தியது. இழுத்துவர ஒரு மூச்சுக் காற்று கூட இல்லாததால் ஆம்புரோஸின் மகன்கள் துடுப்புப் போட்டுத்தான் வந்து சேர்ந்தார்கள். தலை கிறுகிறுத்ததில் கரை இறங்கியும் ஒரு வாரம் வட்டமாகவே நடந்தார்கள்.

கல்யாணம் தேவாலயத்தில். சூட் எட்னா எடுத்துக் கொடுத்தது. ரெக்டர் பிம், "இவளை மனைவியாக ஏற்றுக்கொள்கிறாயா" என்று கேட்கத்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். கேள்வி வேண்டாம் என்று ஊரே கெஞ்சியது. கடைசியில் அவர் அதைக் கேள்வியாகக் கேட்காமல், வானிலைச் செய்தி வாசிப்பது போல வாசித்தார். ஹோரஸ் தலையசைத்தான். மெழுகுவத்தியின் சுடர் கூட அசையவில்லை.

அதற்குப் பிறகு விக்ஸ்பியில் காற்று அடித்ததே கிடையாது. ஆம்புரோஸ் சும்மா விடவில்லை. சில நாள் கழித்து இரண்டு பைகளை ஏந்திக்கொண்டு ஹோரஸின் வாசலில் போய் நின்றார்.

"சும்மாதான் கொண்டாந்தேன். எது புடிக்கும் உனக்கு, இதா அதா?"

ஹோரஸ் இரண்டையும் வாங்கி உள்ளே வைத்துவிட்டு, கதவைச் சாத்துவதற்கு முன்னால், "ரொம்ப நன்றி, கேப்டன்," என்றான்.

ஆம்புரோஸ் வீட்டுக்குப் போய் மகன்களோடு உட்கார்ந்து துடுப்பு செதுக்க ஆரம்பித்தார்.

பைபிளை அலமாரியில் வைத்தாயிற்று, இனி வலது கையால் எழுதுகிறேன். விக்ஸ்பி இங்கிலாந்தின் நட்டநடுவில் இருக்கிறது. எந்தத் திசையில் போனாலும் கடல் எழுபது மைல்.